பக்கத்திலே நின்ற பாலையா

முத்தமிழ், முத்தமிழ் என்று மூச்சுக்கு முந்நூறு முறை சொல்லும் நாம், வகுப்பறைக்குள் நுழைந்ததும் இயல் ஒன்றையே தமிழெனக் கொண்டு, இசையைச் சங்கீத ஆசிரியரிடமும் நாடகத்தை ஆண்டு விழாவிடமும் ஒப்படைத்துவிடுகின்றோம். நாடகத்தைப் பற்றிப் பேச நேர்ந்தாலோ, அடியார்க்குநல்லார் பெயர் சுட்டிய முறுவல், சயந்தம், செயிற்றியம் முதலிய நூல்கள் இறந்துபட்டனவே என்று ஒரு பெருமூச்சு விடுவோம். அம்மட்டே. நூல்கள் இறந்தது மெய். ஆயின், அந்நூல்கள் எதற்கு இலக்கணம் வகுத்தனவோ அந்த நடிப்பு, நம் பாட்டன் தந்தையர் காலத்திலே படச்சுருளிற் பதிந்து, வேண்டும்போது கண்முன் வந்து நிற்கக்கூடியதாய் இருக்கின்றது. அதனை நம் பண்டித உலகம் பெரிதும் பொருட்படுத்தவில்லை. 1930களில் வெளிவந்த தமிழ்ப் படங்களிற் பல இன்று சுருளே இல்லாமல் மறைந்துபோயின. செயிற்றியத்துக்கு நேர்ந்த கதி செல்லரித்த ஏட்டுக்கு மட்டும் உரியதன்று போலும்.

நாடகத்தையும் தமிழ்ப் புலமையின் எல்லைக்குள் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதை ஆழ உணர்ந்தவர் ஒருவர் எங்கள் கரையிலேயே பிறந்தார். கல்முனைக்குத் தெற்கே காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளார் (1892–1947), 1926இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வாயிலாக வெளிவந்த ‘மதங்க சூளாமணி’யிலே, ஷேக்ஸ்பியரின் 12 நாடகங்களை எடுத்துக்கொண்டு, நம் நாடக மரபின் ஒளியில் அவற்றை ஆராய்ந்தார். அந்நூல் வெளிவந்து பத்தாண்டுகளின் பின், நடிப்புத் தொழிலையன்றி வேறொன்றும் அறியாத இளைஞர் ஒருவர் சென்னைத் திரையிலே முதன்முறை தோன்றினார். அவரே டி. எஸ். பாலையா. கதாநாயகர்களைப் பற்றி எழுதுவார்க்கு என்றும் குறைவில்லை. நாயகனுக்குப் பக்கத்திலே நின்ற இவரைப் பற்றி நான்கு சொல் எழுதுவதே என் கருத்து.

பாலையா 1914இல் நெல்லைச் சீமையிலே பிறந்தவர். சிறு பராயத்திலேயே நாடகக் கம்பெனியை நாடிச் சென்றவர். எம். ஆர். ராதா, என். எஸ். கிருஷ்ணன், எம். ஜி. இராமச்சந்திரன், சிவாஜி கணேசன் எனத் தமிழ்த்திரையை நிறைத்த பெயர்களுள் எத்தனையோ, அந்நாளைய நாடகக் கம்பெனிகள் வளர்த்த பிள்ளைகளே. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையிலே கடைசி வரிசையிலிருப்பவன் காதிலும் சொல் தெளிவாக விழ வேண்டும். விழாவிட்டால் வாத்தியாரின் பிரம்பு விழும். பாடமும் பாட்டும் ஒருங்கே மனனமாக வேண்டும். இன்று பத்து வரி ஒப்புவிக்கப் பிள்ளைகள் படும் பாட்டைக் காணும்போது, அந்தக் கம்பெனி வாத்தியார்களை நான் சிறிது பொறாமையோடு நினைப்பதுண்டு. பிரம்பின் பொருட்டன்று, சொல்லின் பொருட்டு.

1936இல் வெளிவந்த ‘சதி லீலாவதி’யே பாலையாவின் முதற்படம். எஸ். எஸ். வாசன் எழுதிய கதை அது. எம். ஜி. ஆருக்கும் அதுவே முதற்படம். அவருக்குக் கிடைத்தது சிறியதொரு காவல் அதிகாரி வேடம். பாலையாவுக்கோ கதையையே நகர்த்தும் தீயவன் வேடம் கிடைத்தது. செல்வனொருவனைக் குடிக்குப் பழக்கி, அவன் குடும்பத்தைக் குலைக்கும் போலி நண்பன் இராமநாதன் அவர். கெட்டழிந்த நாயகன் கடல்கடந்து ஓடிவந்து கூலியாய் வேலை செய்யுமிடம் எது தெரியுமா? நம் இலங்கைத் தேயிலைத் தோட்டம்!

அப்படத்தை நெறிப்படுத்தியவர் எல்லிஸ் ஆர். டங்கன். அமெரிக்காவின் ஓகையோ மாநிலத்திலே பிறந்து, தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்திலே திரைக்கலை பயின்று வந்தவர், தமிழ் அறியாதவர். தமிழறியாத ஒருவர் தமிழ்ப்படம் எடுத்தது நகைப்புக்குரியது என்பாருளர். எனக்கு வேறொன்று தோன்றுகின்றது. சொல்லின் பொருள் விளங்காத நெறியாளர் நடிகனை எதனால் அளப்பார்? முகத்தாலும், குரலின் ஏற்ற இறக்கத்தாலும், இரண்டு சொல்லுக்கு இடையே விடும் மௌனத்தாலுமே அளப்பார். கொட்டகையின் கடைசி வரிசைக்காகப் பழகிய தொண்டையை, ஒரு முழத் தூரத்திலுள்ள ஒலிவாங்கிக்காக அடக்கக் கற்க வேண்டிய இளைஞனுக்கு அத்தகைய ஆசான் வாய்த்தது நற்பேறே. அடுத்த ஆண்டு, 1937இல், டங்கன் எடுத்த ‘அம்பிகாபதி’யிலே, தியாகராஜ பாகவதருக்கு எதிராளியான உருத்திரசேனனாக வந்தவரும் பாலையாவே. இளங்கோவனின் வசனம் புகழ்பெறத் தொடங்கிய படம் அது. பாட்டுக்காகவே படம் பார்த்த காலத்திலே, பாடாத ஒருவர் பேச்சினாலே நிலைபெற வேண்டியிருந்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அதன் பின் இருபது ஆண்டுகள் பெரும்பாலும் தீயவன் வேடங்களே. இடையிடையே நல்லவராகவும் வந்தார். அறிஞர் அண்ணாவின் ‘வேலைக்காரி’யிலே (1949) நாயகனுக்கு வழிகாட்டும் நண்பன் மணியாகத் தோன்றி, கே. ஆர். இராமசாமியின் கொதிப்புக்குப் பக்கத்திலே குளிர்ந்த நீராக நின்றார். ‘தூக்குத் தூக்கி’யில் (1954) வடநாட்டுச் சேட்டாக வந்து தமிழைக் கடித்துக் குதறியதை என்னைப் போன்ற இலக்கண வாத்தியாரும் இரசிக்கவே செய்தார். ‘மதுரை வீர’னிலே (1956) நரசப்பன். இவ்வேடங்களை வரிசையாக நோக்குவார்க்கு ஒன்று புலனாகும்: இவருடைய தீயவர்கள் உறுமுபவரல்லர். உறுமல் எளிது. இவர்கள் நயந்து பேசுவர், இளிப்பர், சொல்லை நீட்டுவர், நீட்டிய சொல்லை எதிர்பாராத இடத்திலே சட்டென்று முறிப்பர். கரகரப்பும் குழைவும் ஒருங்கே கலந்த அக்குரலை ஒருமுறை கேட்டவர் மறவார்.

எங்கள் தலைமுறை அவரை அறிந்ததும் குரலாலேதான். நாங்கள் பள்ளிக்குச் சென்ற நாளிலே படமாளிகைக்குச் செல்லக் காசும் இராது, வீட்டாரின் அனுமதியும் இராது. மருதமுனைத் தறிக்கொட்டில்களிலே வானொலி பாடிக்கொண்டேயிருக்கும்; தறியடிக்கும் ஓசைக்கு நடுவே படங்களின் வசனமும் வரும். ‘திருவிளையாடல்’ வசனத்தை ஒலிநாடாவிலே கேட்டுக் கேட்டே மனனம் செய்தவர் எங்கள் ஊரிலே பலர். நாகேஷின் குரல், சிவாஜியின் குரல், பாலையாவின் குரல் என்று பிரித்தறிந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னரே, அக்குரலுக்குரிய முகத்தை நான் கண்டேன். கற்பனையில் வைத்திருந்த முகத்தினும் உண்மை முகம் வேடிக்கையாயிருந்தது.

மேலைநாட்டார் இத்தகைய நடிகருக்குத் தனிப்பெயரும் தனியிடமும் கொடுத்துள்ளனர். ஹொலிவூட்டின் அக்கடமிப் பரிசிலே துணைநடிகருக்கென ஒரு பிரிவு ஏற்பட்டது 1936ஆம் ஆண்டுப் படங்களுக்கே. அதாவது, ‘சதி லீலாவதி’ வந்த அதே ஆண்டு. முதலிற் பெற்றவர் வால்டர் பிரென்னன். வேடிக்கை என்னவெனில், முதற் சில ஆண்டுகளில் நாயக நடிகருக்கே முழுச்சிலை கிடைத்தது. துணைநடிகருக்குக் கிடைத்தது பட்டயமே. 1943ஆம் ஆண்டுப் படங்களிலிருந்தே அவர்களுக்கும் சிலை கிடைத்தது. இரண்டாம் பந்தி என்பது எல்லா நாட்டு விருந்திலும் உண்டு.

அவ்வுலகத்துத் துணைநடிகருள் ஒருவரை நாம் இலங்கையர் சிறிது உரிமையோடு நினைக்கலாம். இங்கிலாந்தின் கென்ட் பகுதியிலே 1879இல் பிறந்த சிட்னி கிரீன்ஸ்ட்ரீட், இளம்பராயத்திலே பொருள்தேடி இலங்கைக்கு வந்து தேயிலை பயிரிட முயன்றார். மழை பொய்த்தது, தோட்டம் கைகொடுக்கவில்லை, ஊர் திரும்பிய அவர் நாடகமேடை ஏறினார். ஷேக்ஸ்பியர் நாடகக் குழுக்களோடு ஊரூராய்த் திரிந்து, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் மேடையிலேயே கழித்த பின், தம் 61ஆவது வயதில், 1941இல், ‘மால்டீஸ் ஃபால்கன்’ படத்திலே முதன்முறை கமராவின் முன் நின்றார். அம்முதற் படத்துக்கே துணைநடிகர் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. எட்டாண்டுகளே நடித்தார், அதற்குள் ‘கசபிளாங்கா’ போன்ற படங்களில் இடம்பெற்றுவிட்டார். பருத்த உடல், நயமான பேச்சு, உள்ளே நஞ்சு. பாலையாவின் தீயவரை நன்கறிந்த நமக்கு அவரைக் கண்டதும் அறிமுகமானவரைக் கண்டதுபோல் இருக்கும். மலைநாட்டிலே மழை பெய்திருந்தால் ஹொலிவூட் ஒரு நடிகரை இழந்திருக்கும்; நமக்கு மேலும் ஒரு துரை கிடைத்திருப்பார்.

இனி, இவ்விருவர் கலையின் உயிர்நிலை யாது என்பதற்கு வருவோம். அது பேசுவதன்று, கேட்பது என்பேன்.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலே தண்ணுமை ஆசிரியனுக்கு இளங்கோவடிகள் கூறும் இலக்கணத்தை ஆசிரிய நண்பர்கள் மீண்டும் ஒருமுறை எடுத்துப் படிக்க வேண்டும். முழக்கத் தெரிந்தவன் என்பதோடு அவர் நிறுத்தவில்லை. பிற கருவிகளின் ஓசையிலே குறைவுள்ள இடத்தை நிரப்பவும், மிகுதியுள்ள இடத்தை அடக்கவும், தன் ஓசை வரம்பு மீறாமற் காக்கவும் அறிந்தவனாய் இருத்தல் வேண்டும் என்கின்றார். பிறர் ஓசையைக் கேளாதவனால் இது இயலுமா? மட்டக்களப்புக் கூத்திலே, வட்டக்களரியின் நடுவே மத்தளத்தோடு நிற்கும் அண்ணாவியாரை நோக்குக. அவர் கண் மத்தளத்தின் மேல் இராது. ஆடுபவன் கால் மேல் இருக்கும். எங்கள் முஸ்லிம் ஊர்களின் களிகம்பாட்டத்தையும் நோக்குக. எதிர்க்கம்பின் வரவை அறியாதவன் விரலை உடைத்துக்கொள்வான். எல்லாரும் அறிந்த இவ்வுண்மையை, திரையிலே நடிக்க வந்தவருட் பலர் மறந்துவிடுகின்றனர். எதிரிலுள்ளவர் பேசும்போது தம் முறை வரும்வரை காத்திருப்பதே நடிப்பென எண்ணுகின்றனர்.

ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’யிலே (1964) பாலையா பணக்காரத் தந்தை விசுவநாதன். மகன் செல்லப்பாவாக வரும் நாகேஷுக்குப் படம் எடுக்கும் ஆசை. தான் எடுக்கப்போகும் பேய்க்கதையை அவர் தந்தைக்குச் சொல்லுகின்றார். தமிழறிந்தார் அனைவரும் அறிந்த காட்சி. நாகேஷின் நகைச்சுவைக்கு எடுத்துக்காட்டாகவே அதனைச் சொல்வது வழக்கம். நாகேஷ் செய்வது பெருஞ்செயலே, மறுக்கவில்லை. ஆனால் அக்காட்சியிலே பேய் எங்கே இருக்கின்றது? நாகேஷின் வாயிலா? இல்லை. பாலையாவின் கண்ணிலே இருக்கின்றது. முதலிலே மகனின் பைத்தியத்தைப் பொறுத்துக்கொள்ளும் ஏளனம். பின் ஒரு சிறு ஆவல். பின் விழி விரிதல். பின், பணக்காரர் என்ற நினைவே நீங்கி, இரவிலே பாட்டியிடம் கதை கேட்கும் பிள்ளையாய்ச் சுருங்குதல். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிலே அச்சத்துக்கு நிலைக்களன் நான்கு கூறி, அவற்றுள் முதலாவதாக அணங்கை வைத்தார். நகைக்குக் கூறிய நான்கிலே பேதைமை ஒன்று. ஒருவர் முகத்திலே அணங்கஞ்சிய அச்சம் தோன்ற, அதுவே காண்பார்க்குப் பேதைமை பற்றிய நகையாய் மாறும் விந்தையை மாணவருக்கு விளக்க, உரையாசிரியர் எவரும் காட்டாத மேற்கோள் இது. இளம்பூரணர் இருந்திருப்பின் மறுக்கமாட்டார் என்பது என் துணிபு.

அடுத்த ஆண்டிலே வந்தது ஏ. பி. நாகராஜனின் ‘திருவிளையாடல்’ (1965). பரஞ்சோதி முனிவரின் புராணத்திலே விறகு விற்ற படலம் என நாம் அறிந்த கதைக்கு ஏமநாத பாகவதர் பாலையா. பாண்டியன் அவையிலே அவர் பாடும் பாட்டைப் பாடியவர் பாலமுரளிகிருஷ்ணா. குரல் அவரது, செருக்கு பாலையாவினது. தலையை ஒரு பக்கம் சாய்த்து, அவையோரை அரைக்கண்ணால் அளந்து, தன் வித்தையைத் தானே வியந்துகொள்ளும் அப்பாவனையை, சங்கீதம் பயின்ற சிலரிடத்திலே நாம் நேரிலும் கண்டிருக்கின்றோம். பெயர் வேண்டா. ஆனால் எனக்கு அதனினும் பெரிதாய்ப் படுவது பின்வரும் காட்சியே. விறகு சுமந்து வந்த ஒருவன் திண்ணையிலே பாடுகின்றான். உள்ளிருந்த ஏமநாதன் கேட்கின்றான். அக்கேட்டலிலே செருக்கு ஒவ்வோர் இழையாய் அறுந்து விழுவதைக் காணலாம். புராணத்திலே புலவர் விருத்தப்பாக்களாற் செய்ததை, இங்கே ஒரு முகம் பேச்சின்றிச் செய்கின்றது. தோற்றவனுக்காக நாம் இரங்கத் தொடங்குகின்றோம். அந்த இரக்கத்தை விளைத்தது பாலையாவின் கேள்வி. வள்ளுவர் கேள்விக்கென ஓர் அதிகாரம் வகுத்தது கற்றார்க்கு மட்டுமன்று, நடிப்பார்க்கும் ஆகும்.

மூன்றாவது, ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968). கொத்தமங்கலம் சுப்புவின் தொடர்கதை. சிவாஜியின் நாதசுரம், பத்மினியின் ஆட்டம். நாதசுரத்தை உண்மையில் வாசித்தவர் மதுரைச் சேதுராமன், பொன்னுசாமி சகோதரர். பாலையா தவிற்காரர் முத்துராக்கு. தம் வாழ்நாள் முழுவதும் திரையிலே பக்கவாத்தியமாய் இருந்த ஒருவருக்குப் பக்கவாத்தியக்காரர் வேடமே கிடைத்தது தற்செயலோ, இயக்குநரின் நுட்பமோ, அறியேன். தவிலின் ஓசை வேறொருவருடையது. கைவீச்சை எவரும் பழகிக்கொள்ளலாம். கண்ணைப் பழக்குவது எப்படி? அவர் கண் நாயனக்காரரின் முகத்தை விட்டு நீங்குவதேயில்லை. முன்கோபியான சண்முகசுந்தரம் எந்நேரம் வெடிப்பாரோ என்ற கவலையும், வெடித்தால் தாங்கிக்கொள்ளும் பரிவும், அவர் வாசிப்பிலே கொண்ட பெருமிதமும் அந்தப் பார்வையிலே மாறி மாறி வரும். சிவாஜியின் நடிப்பு பெரிது. அதைப் பெரிதென்று நமக்குச் சொல்லிக்கொண்டே இருப்பது பக்கத்திலுள்ள முகம். எங்கள் ஊர் நெசவாளர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். முந்தானையைக் கண்டே சேலை விலைபோகும். பாவு இழை தளர்ந்தால் முந்தானை நிற்காது.

பாலையா நடித்த அனைத்தும் இத்தரத்தின என்று நான் சொல்லேன். ஒரே குரல்நீட்டலை ஒரே அளவிலே திரும்பத் திரும்பக் கேட்டுச் சலிப்படையும் படங்களும் உண்டு. கதையிலே சாரமில்லாதபோது பழைய வித்தையைக் கொண்டு ஒப்பேற்றிய இடங்களும் உண்டு. ஆண்டுக்குப் பல படம் நடித்துச் சோறு தேட வேண்டிய தொழிலிலே இது இயல்பே. ஆயினும் ஐம்பது வயதை எட்டிய பின், அதுவரை பழகிய தீயவன் வேடத்தை உதறி, ‘பாமா விஜய’த்தின் (1967) மூன்று மக்களுக்குத் தந்தையாகவும், அதே ஆண்டு ‘ஊட்டி வரை உற’விலே இரகசியத்தை விழுங்கி விழிக்கும் தந்தையாகவும், அடுத்த ஆண்டு தவிற்காரராகவும் புதிதாய் மலர்ந்தது எல்லா நடிகருக்கும் கைகூடுவதன்று.

இதனை நான் எழுதத் தூண்டியது எங்கள் பள்ளிக்கூடத்து அனுபவமே. தமிழ்மொழித் தினப் போட்டிக்கு நாடகம் பழக்கும் ஆசிரியர் எவரையும் கேளுங்கள். அரசன் வேடத்துக்கு இருபது பிள்ளைகள் வருவர். அரசன் பேச நின்று கேட்கும் அமைச்சனுக்கு ஒருவன் வரான். வலிந்து நிறுத்தினால், மேடையிலே நின்றுகொண்டு சபையிலுள்ள தாயைத் தேடுவான். உயர்தர வகுப்பிலே நாடகமும் அரங்கியலும் பயிலும் மாணவனொருவனிடம் பாலையாவைக் கேட்டேன். “தெரியாது சேர். ஹீரோவா, வில்லனா?” என்றான். இரண்டுமல்லாத ஓர் இடம் உண்டு என்பதை அவனுக்கு எவரும் சொல்லவில்லை. மேலைநாட்டு நடிப்புக் கொள்கைகளை அவன் பரீட்சைக்காக ஒப்புவிப்பான், ஒப்புவிக்கட்டும். தன் மொழியிலே அக்கொள்கைகளை நடித்துக் காட்டிய ஒருவரை அறியாமல் ஒப்புவிப்பதே என் வருத்தம்.

பாலையா 1972 யூலையில் மறைந்தார். முதற்படத்திலிருந்து எண்ணினால் முப்பத்தாறு ஆண்டுகள். அவர் மகன் ஜூனியர் பாலையா என்ற பெயரிலேயே நடித்து, 2023இல் காலமானார். இன்றைய இளைஞர்க்கு அவரையேனும் ஓரளவு தெரிந்திருக்கும்.

இப்படங்கள் இன்று கைத்தொலைபேசியிலேயே கிடைக்கின்றன. ஆசிரிய நண்பர்க்கு ஒரு வேண்டுகோள். ‘காதலிக்க நேரமில்லை’யின் கதைசொல்லும் காட்சியை மாணவருக்கு முதலில் ஒலியை முற்றாக நிறுத்திக் காட்டுங்கள், நாகேஷை விட்டு, கேட்பவரை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். பின்னர் ‘திருவிளையாட’லை எடுத்து, திரையைத் துணியால் மூடிவிட்டு, ஏமநாதன் அவைக்கு வந்து பேசும் பகுதியைக் காதால் மட்டும் கேட்கச் செய்யுங்கள். இரண்டுக்கும் ஒரு பாடவேளை போதும்.